தைக்கிற வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைகள்

சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். தைக்கிறவர்களுக்குத் துணி வந்து குவிகிற காலம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதும் சரியாக அப்போதுதான். மதுரையில் வீட்டு முன்னறையிலேயே மிஷினைப் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள் நான். ஐந்தாம் வகுப்பு முடித்த மகளும் இரண்டாம் வகுப்பு முடித்த மகனும் காலை பத்து மணிக்கெல்லாம் மிஷின் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். "போர் அடிக்குதும்மா."

அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. "அப்படியா?" கிண்டலாகச் சொல்லக் கூடாது, எரிச்சலோடு சொல்லக் கூடாது, தைக்கிற கையை நிறுத்தவும் கூடாது. முக்கியமாக, கூடவே ஒரு யோசனையைச் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. யோசனை சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: படம் வரையேன் என்றால் கலர் தீர்ந்துவிட்டது, சைக்கிள் ஓட்டு என்றால் வெயில், கதைப் புத்தகம் எடு என்றால் எல்லாம் படித்தாயிற்று. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்து, நம்மிடம் சரக்கு தீர்ந்ததும் "அப்ப ஃபோன் குடு" என்பதில் போய் நிற்கும். நம் யோசனை எப்போது தீரும் என்றுதான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

"அப்படியா" சொல்வதற்கு முன் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். பசி, தூக்கம், பக்கத்து வீட்டுப் பையனோடு சண்டை, வரப்போகிற காய்ச்சல் எல்லாவற்றையும் சின்னவன் போர் என்றுதான் சொல்வான். சாயங்காலம் நாலு மணிக்கு வருவது பெரும்பாலும் ஒரு கை பொரிகடலையில் அடங்கிவிடும்.

அதில் அடங்காததுதான் அசல். முதலில் முனகல். பிறகு தரையில் புரளல், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடல், அக்காவின் சடையை இழுத்தல், "நீ மட்டும் தைச்சுக்கிட்டே இரு" என்று என்மேல் பாய்ச்சல். அரை மணி நேரம் வரைக்கும் நீளும். செல்போனில் ஊறிய பிள்ளையாக இருந்தால் நாள்கணக்கில் போகும். லீவு விட்ட முதல் வாரம் எங்கள் வீடும் அப்படித்தான் கிடக்கும். பெரியவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, நம் காதுதான் தாங்குவதில்லை. அந்த நேரத்துக்கென்றே ஓவர்லாக் வேலையை எடுத்து வைத்துக்கொள்வேன். அந்த மிஷின் போடும் சத்தத்தில் முனகல் பாதிதான் கேட்கும்.

போன கோடையில் அப்படி ஒரு பகல். பிளவுஸுக்குக் கழுத்து வெட்டினால் அரைவட்டமாக ஒரு துண்டு விழும். எதற்கும் உதவாது, மூட்டையில் போட்டுவிடுவேன். பெரியவள் புரண்டு புரண்டு அந்த மூட்டைப் பக்கம் போனவள், இரண்டு துண்டை எதிரெதிராக வைத்துப் பார்த்தாள். மீன் மாதிரி இருந்திருக்கிறது. அவ்வளவுதான், மூட்டை கவிழ்ந்தது. பச்சைத் துணியில் விரால், சிவப்பில் ஜிலேபி, ஜரிகை போட்டதெல்லாம் கெளுத்தி. சாக்பீஸால் கண் வைத்தாள். தம்பி கடைக்காரன் ஆனான். "கண்மாய் மீனு, கண்மாய் மீனு" என்று அவன் கூவியதைக் கேட்டு, அளவு கொடுக்க வந்த ஓர் அக்கா நிஜமாகவே வாசலை எட்டிப் பார்த்தார்.

கடை என்றால் தராசு வேண்டுமே. ஹேங்கரின் இரண்டு முனையிலும் சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு சிரட்டை பெரிது, ஒன்று சிறிது. தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சின்னவன் என் டப்பாவிலிருந்து பிளவுஸ் கொக்கிகளை அள்ளிச் சிறிய சிரட்டையில் போட்டான். நின்றது. ஆனால் மீனை மாற்றும்போதெல்லாம் கொக்கி கொட்டியது. அழுதான். எனக்கு வழி தெரியும், நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன். எப்போதோ கை பட்டு, கனமான சிரட்டையின் கயிறு ஹேங்கரின் நடுப்பக்கம் நகர்ந்திருக்கிறது, தராசு நிமிர்ந்துவிட்டது. திரும்பத் தள்ளிப் பார்த்தான், சாய்ந்தது. உள்ளே இழுத்தான், நிமிர்ந்தது. அன்று முழுக்க மீன் வியாபாரமே நடக்கவில்லை. கயிற்றை நகர்த்துவதும் பார்ப்பதுமாக உட்கார்ந்துவிட்டான். பெரியவள் மட்டும் என் அளவு நோட்டைப் பார்த்து அதே மாதிரி ஒரு நோட்டு போட்டு, தெருவில் யார் யார் விரால் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாள். என் பெயரும் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, சலிப்பு வந்தால் பிள்ளைகள் விஞ்ஞானி ஆகிவிடுவார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முக்கால்வாசிப் பகல்களில் ஒன்றும் நடக்காது. மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்துவிட்டு அப்படியே தூங்கிப்போவார்கள். அந்தப் பகலும் கணக்கில் சேர்த்திதான். ஏதாவது செய்து காட்டினால்தான் சும்மா இருந்ததற்கு மதிப்பு என்று நாம் எதிர்பார்த்தால், அது இன்னொரு ஸ்பெஷல் கிளாஸ் ஆகிவிடும்.

சலிப்பு கற்பனையை வளர்க்கும் என்று எழுதுகிறவர்கள் அடிக்கடி காட்டுவது, இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகத்தில் சாண்டி மானும் ரெபெக்கா காட்மனும் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு. சிலரை உட்காரவைத்து டெலிஃபோன் டைரக்டரியிலிருந்து எண்களை 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். பிறகு, இரண்டு கப்பைக் கொடுத்து இதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். எழுதிச் சலித்தவர்கள், எழுதாதவர்களைவிட அதிகம் சொன்னார்கள். எழுதாமல் வெறுமனே எண்களைப் படித்தவர்கள் இன்னும் நன்றாகவே சொன்னார்கள்; கைக்கு வேலை இல்லாதபோது மனம் நன்றாக ஊர் சுற்றுகிறது போல. ஆனால் அதில் இருந்தவர்கள் பெரியவர்கள். கப்புக்கு எத்தனை உபயோகம் என்பதும் வாழ்க்கை இல்லை. அதை வைத்து என் பிள்ளைகளைப் பற்றி முடிவுகட்ட நான் தயாரில்லை.

எனக்கு உறைத்தது அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வந்த வேறோர் ஆய்வு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமத்தி வில்சன் குழுவினர் ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் சும்மா உட்காரச் சொன்னார்கள். ஃபோன் கிடையாது, புத்தகம் கிடையாது. அமுக்கினால் ஷாக் அடிக்கும் பொத்தான் ஒன்று மட்டும் உண்டு. அந்த ஷாக்கை முன்பே அனுபவித்து, காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன் என்று சொன்னவர்களிலேயே, ஆண்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரும் பெண்களில் கால்வாசிப் பேரும் அதை அமுக்கிக்கொண்டார்கள். வளர்ந்த ஆட்களுக்கே தன்னோடு தான் கால் மணி நேரம் இருக்க முடியவில்லை. சும்மா இருப்பது தானாக வந்துவிடாது, சின்ன வயதிலேயே பழக வேண்டும் என்பதற்கு எனக்கு அது போதும்.

பழகுவதற்கு வீட்டில் என்ன வேண்டும்? பொம்மை வேண்டாம். பொத்தானை அமுக்கினால் பாடும் கார், பாடி முடித்ததும் முடிந்துவிடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த சைமன் நிக்கல்சன் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். பிரித்து, மாற்றி, சேர்க்கக்கூடிய உதிரிப் பொருட்கள் ஓர் இடத்தில் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குப் பிள்ளைகள் அங்கே எதையாவது கண்டுபிடிப்பார்கள் என்பது அதன் சாரம். நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டுரைக்குக் காத்திருக்கவில்லை. தின்று போட்ட இரண்டு நுங்குக் கூந்தலும் ஒரு குச்சியும் கிடைத்தால் வண்டி, பூவரச இலையைச் சுருட்டினால் பீப்பீ என்று ஓடியவர்கள்தானே நாம். என் வீட்டில் ஒரு மூலையில் வெட்டுத்துணி, அட்டைப்பெட்டி, காலி நூல்கண்டு, கயிறு, சிரட்டை எல்லாம் கிடக்கும். எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் வெட்டுக் கத்தரி, ஊசி டப்பா, அயர்ன் பாக்ஸ் மூன்றும் மட்டும் எட்டாத உயரத்தில். மாடிக் கதவும் தண்ணீர்த் தொட்டி மூடியும் பூட்டியிருக்கும். இவற்றைச் சரிபார்க்காமல் பிள்ளைகளைச் சும்மா விடுவது பொறுப்பில்லாத வேலை.

ஃபோன் கண்ணில் படக் கூடாது. அணைத்து மேஜைமேல் வைத்தால் போதாது. கண்ணுக்குத் தெரிகிறவரை அதைக் கேட்கலாமா வேண்டாமா என்பதிலேயே பகல் போய்விடும். டிவிக்கு ராத்திரி ஒரு நேரம் உண்டு, பகலில் பேரம் கிடையாது. என் ஃபோனும் அலமாரிக்குள் இருக்கும். வாடிக்கையாளர் கூப்பிட்டால் மணி கேட்கும், எழுந்துபோய் எடுத்தால் போயிற்று.

அடுத்தது, என்னைப் போன்றவர்களுக்குத்தான் கஷ்டம்: அவர்கள் ஏதாவது ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் போகக் கூடாது. "அட, சூப்பர்டா" என்று கத்தக் கூடாது. ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடவே கூடாது. மீன்கடையை ஒருமுறை ஃபோட்டோ எடுத்தால், மறுநாள் கடை ஃபோட்டோவுக்காகப் போடப்படும். காட்ட வந்தால் பாருங்கள், கேட்டால் சொல்லுங்கள்.

"போர் அடிச்சா வந்து பாத்திரத்தைத் தேய்" என்பது பல வீட்டில் நடக்கும் வைத்தியம். எனக்கு உடன்பாடில்லை. அதில் பாத்திரம் தேய்ப்பது தண்டனையாகிறது, வாயைத் திறந்தால் வேலை வரும் என்று பிள்ளை மூடிக்கொள்கிறது. தானாக வந்து கேட்டால் மட்டும் கொக்கி பிரிக்கவோ ஹெம்மிங் போடவோ கொடுப்பேன். பெரியவள் இப்போது சுமாராக ஹெம்மிங் போடுவாள். சுமார்தான்.

என் மாமியார் இந்த விஷயத்தில் என்னைவிடக் கெட்டி. கேட்காமல் எதையும் சொல்லித்தர மாட்டார். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள், வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். நான் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருப்பேன். அவர் புளியங்கொட்டையைக் குவித்து வைத்துக்கொண்டு தனியாகவே பல்லாங்குழி ஆடுவார். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்து, "என்ன ஆச்சி அது?" என்று கேட்டால்தான் நகர்ந்து இடம் கொடுப்பார். அப்படித்தான் தரையில் என் சாக்பீஸால் கட்டம் கீறி, மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடுபுலி ஆட்டமும் வந்தது. அதில் சின்னவன் இப்போது எங்கள் எல்லோரையும் ஜெயிக்கிறான்.

பஸ்ஸிலும் அதே கதைதான். திருநெல்வேலிக்குப் போகும்போது முன் சீட்டில் ஒரு பிள்ளை ஃபோனில் மூழ்கியிருக்கும், எங்களுடையது இரண்டும் ஜன்னலுக்குச் சண்டை போடும். சண்டை ஓய்ந்தபின் வண்டி நம்பர்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். 58, 59, 64 என்றால் மதுரை. விருதுநகர் நெருங்க 67 கூடும். நெல்லைக்குள் 72 மொய்க்கும். இப்போது எங்கள் தெருவில் 72 நம்பர் வண்டி நின்றால், அது யார் வீட்டுக்கு, எதற்காக வந்திருக்கிறது என்று இருவரும் ஒரு கதை கட்டுவார்கள். பெரும்பாலும் பெண் பார்க்க வந்ததாகத்தான் கதை முடியும்.

"பிள்ளைகளைச் சும்மாவே விட்டிருக்கியே, ஏதாச்சும் கிளாஸ்ல சேத்துவிடலாம்ல?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. கிளாஸுக்கு நான் எதிரி இல்லை. பெரியவள் ஆசைப்பட்டுச் சிலம்பம் போகிறாள். நான் பார்த்தவரை சிக்கல் இடைவெளியில்தான். பதினோரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று போட்டுவிட்டால் நடுவில் கிடைப்பது முனகி முடிக்கத்தான் சரியாக இருக்கும். எதுவும் தொடங்க, முழுதாக ஒரு அரைப்பகலாவது வேண்டும்.

வீட்டில் பெரியவர் யாரும் இல்லாமல் பிள்ளையைத் தனியே விடுவதற்கு இதையெல்லாம் சாக்காக எடுக்க முடியாது. பேச ஆளில்லாத பிள்ளைக்குத் தேவை ஆள். சலிப்பு நல்லது என்று அதனிடம் சொல்வது கொடுமை. பிடித்த விளையாட்டும் பிடிக்காமல், கூட்டாளிகள் வந்து கூப்பிட்டும் போகாமல், வாரக்கணக்கில் ஒரு பிள்ளை சுருண்டு கிடந்தால் அதைப் போர் என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

பள்ளி திறந்துவிட்டால் எங்களுக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றுதான். அதை யாருக்கும் கொடுப்பதில்லை. டியூஷன் இல்லை, பிறந்தநாள் பார்ட்டி இல்லை, கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பிட்ட கையோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். நான் பிளவுஸ் தைத்துக் கொடுத்த வீட்டுக் கல்யாணம் என்றால் மட்டும் கொஞ்சம் நேரமாகும். மணப்பெண் அதைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வருகிறவரை நான் எழுந்திருக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு அங்கேயும் போர் அடிக்கும்.