அப்பாவின் குரல் மறந்துபோகிறதே!

கேள்வி: அப்பா இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருந்தார். "நாம நினைச்சிட்டு இருக்கிற வரைக்கும் அப்பா உயிரோடதான் இருக்காங்க" என்று அண்ணன் அடிக்கடி சொல்வான். முதலில் அது ஆறுதலாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. அப்பாவின் குரல் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. முகத்தைக்கூடச் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவை வைத்துத்தான் நினைக்கிறேன். ஆனால் சில ராத்திரிகளில் மெஷின் மிதிக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. மகளின் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போது நூலைப் பல்லால் கடிக்காமல் கத்தரியைத் தேடுகிறேன். அது அப்பா கண்டித்துச் சொல்லிக்கொடுத்தது. இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் மிச்சம். மகளுக்கு மூன்று வயது. அவளுக்குத் தாத்தா என்றால் மாலை போட்ட படம், அவ்வளவுதான். அப்பாவின் சின்ன வயதைப் பற்றிச் சொல்ல, எழுபது வயதைத் தாண்டிய பெரியப்பா ஒருவர்தான் இருக்கிறார். நான் மறந்துவிட்டால் அப்பா இரண்டாவது முறை சாகிறாரா, டாக்டர்? இறந்தவர்கள் நம் நினைவில் வாழ்கிறார்கள் என்பது உண்மையா, சும்மா ஆறுதலுக்குச் சொல்வதா?

- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா உங்கள் நினைவில் உயிரோடு இல்லை. அங்கே இருப்பது நீங்கள் அவரைக் கண்ட விதம். ஆன்மா, மறுபிறவி பற்றிய நம்பிக்கை உங்களுடையது. அதில் நான் குறுக்கிடவில்லை. நினைவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அண்ணன் அன்போடு சொன்ன வார்த்தைதான். ஆனால் அதனோடு ஒரு பாரமும் உங்கள் தலையில் ஏறிவிட்டது. அப்பாவைக் காப்பாற்றும் பொறுப்பு உங்கள் ஞாபக சக்தியிடம் இருப்பதாக நம்பத் தொடங்கிவிட்டீர்கள். யாருடைய ஞாபகமும் அந்தப் பொறுப்பைத் தாங்காது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாள்கள், மாதங்கள் இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை ஒவ்வொரு முறையும் மாறியது. படித்தவர்களுக்குப் பழக்கமில்லாத விவரங்கள் உதிர்ந்தன. பழக்கமானவை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன. 1932-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் முடிவு இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது: நாம் நினைவை எடுத்துப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம். கட்டும்போது கையில் எது கிடைக்கிறதோ அதைச் சேர்த்துக்கொள்கிறோம். உங்களுக்கு அந்தப் போட்டோ கிடைக்கிறது. தினமும் பார்க்கும் படம், மற்ற முகங்களை ஓரமாகத் தள்ளிவிடுகிறது. குரலுக்கு அப்படிப் பிடிமானம் எதுவும் இல்லாததால் அது மங்குகிறது. இது நன்றிகெட்டத்தனம் இல்லை. மூளை வேலை செய்யும் முறையே இதுதான்.

மெஷின் சத்தத்தை யாரிடமும் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. தாராளமாகச் சொல்லலாம். வேல்ஸ் நாட்டில் டாக்டர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசினார். ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்ததாகவோ, குரல் கேட்டதாகவோ, உருவத்தைப் பார்த்ததாகவோ சொன்னார்கள். 1971-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. இது நோய் அல்ல. தூக்கமும் சாப்பாடும் அன்றாட வேலையும் கெட்டுப்போனால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

மறதியைக் குற்றமாக நினைப்பது நம் முன்னோர்களின் வழக்கத்திலேயே இல்லை. அமாவாசைத் தர்ப்பணத்தைப் பாருங்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயர்களைத்தான் சொல்லச் சொல்கிறார்கள். குடும்பத்தில் புதிதாக ஒருவர் இறந்து, அவரைப் பிதுர்களோடு சேர்க்கும் சபிண்டீகரணம் நடக்கும்போது, வரிசையின் மேலே இருந்த பெயர் கழன்றுவிடுகிறது. அவர் பொதுவான முன்னோர்களோடு கலந்துவிட்டார். இனி அவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியதில்லை. ஜெர்மானிய அறிஞர் யான் அஸ்மான், வாய்வழியாகக் கைமாறும் குடும்ப நினைவு 80 முதல் 100 ஆண்டுகள், அதாவது மூன்று நான்கு தலைமுறைகள் தாங்கும் என்று கணக்கிட்டார். சடங்கை வகுத்தவர்களும் ஏறத்தாழ அந்த எல்லையில்தான் நின்றிருக்கிறார்கள். அதற்குமேல் சுமக்கும்படி பிள்ளைகளை அவர்கள் கேட்கவில்லை.

பெயரைக் கல்லில் வெட்டி வைத்தால் நினைவு நிற்குமா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறிப்புள்ள நடுகற்கள் கிடைத்தன. 2000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், இறந்த அந்தவன் என்பவருக்காக நட்டது. அந்தப் பெயரை வாசிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்தவன் எப்படிச் சிரிப்பார், அவர் செத்ததற்கு யார் அழுதார்கள் என்று கல்லிடம் கேட்க முடியாது. பெயர் நின்றது, ஆள் நிற்கவில்லை.

அப்படியானால் எதுதான் தொடர்கிறது? இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி உ.வே.சாமிநாதையர். 1871-ல், பதினாறு வயதில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனார். வேங்கடராமன் என்ற பெயரோடு போனவரைச் சாமிநாதன் என்று அழைக்கத் தொடங்கியவர் பிள்ளைதான். 1876-ல் பிள்ளை காலமானார். சேர்ந்திருந்தது ஐந்து வருடம் மட்டுமே. பிள்ளை சாமானியப் புலவரல்ல. தலபுராணம், பிள்ளைத்தமிழ், அந்தாதி என்று அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு பாடியும், இன்று அந்தப் புராணங்களை எடுத்துப் படிப்பவர்கள் மிகச் சிலர். பிள்ளையை நமக்குத் தெரியவைத்தது அவர் பாட்டைவிட மாணவரின் நினைவுதான். தமது எழுபத்தெட்டாவது வயதில், 1933-லும் அடுத்த ஆண்டிலும், ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக ஐயர் வெளியிட்டார். பிள்ளையின் வறுமை, மாணவர்களுக்குச் சோறு போட்டுச் சொல்லிக்கொடுத்த மனம், சாதி சமயம் பார்க்காமல் கிறிஸ்தவ மாணவரையும் பிள்ளையாக நடத்தியது, எல்லாம் அதில் இருக்கின்றன. தாம் பார்த்திராத இளமைக் காலத்தை, தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு எழுதினார். அவர் விசாரிக்காமல் விட்டிருந்தால் அந்தச் செய்திகள் சொன்னவர்களோடு போயிருக்கும்.

ஆனால் அந்தப் புத்தகத்தையும்விட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. ஐயர் 1887-ல் சீவக சிந்தாமணியையும், 1892-ல் சிலப்பதிகாரத்தையும், 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தார். இவற்றைப் பிள்ளை அவருக்குப் பாடம் சொன்னதில்லை. ஆனால் ஏட்டுச்சுவடியோடு இருந்த பழக்கம், ஒரு செய்யுளைப் புரியும்வரை விடாத பிடிவாதம், தமிழுக்காக எந்தக் கஷ்டத்தையும் பொறுக்கலாம் என்ற துணிவு, இவை மாயூரத்தில் ஊறியவை. பிள்ளை இறந்த பிறகு, அவர் பாடம் சொல்லாத நூல்களில் அவர் கொடுத்த பயிற்சி வேலை செய்தது. புறநானூற்றைப் படிக்கும் ஒருவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாமல் இருக்கலாம். தெரியாவிட்டாலும் அவர் கொடுத்தது கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பொத்தான் தைப்பதைப் பற்றி எழுதிவிட்டு, "சின்னச் சின்ன விஷயங்கள்தான் மிச்சம்" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், கடிதத்திலேயே பெரிய செய்தி அதுதான். குரலை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கத்தரியைத் தேட நினைக்க வேண்டியதில்லை, கை தானாகப் போகிறது. நிகழ்ச்சிகளை நினைவுகூர்வதும் கைப்பழக்கமும் மூளையில் வெவ்வேறு வழிகளில் பதிகின்றன. முதலாவது மங்கிய பிறகும் இரண்டாவது நிற்கும். உங்கள் மகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். வளர்ந்து தன் பிள்ளைக்குப் பொத்தான் தைக்கும்போது அவளும் கத்தரியைத் தேடலாம். தாத்தா பெயர்கூட அப்போது யாருக்கும் தெரியாமல் போகலாம். அதற்காக அப்பா இரண்டாவது முறை சாவதில்லை. அவர் இறந்தது ஒரே முறை. அது நடந்து முடிந்துவிட்டது. அவர் வாழ்ந்ததும் நடந்து முடிந்த உண்மை. நீங்கள் மறந்தாலும் அவர் வாழாதவராக ஆகிவிட மாட்டார்.

இறந்தவரின் பழைய ஒலிப்பதிவைக் கொடுத்தால் அதே குரலில் பேசும் செயலிகள் வந்திருக்கின்றன. உங்களைப் போன்றவர்களுக்கு அது ஆசை காட்டும். வேண்டாம் என்பது என் கருத்து. அப்பா சொல்லாத வார்த்தையை அவர் குரலில் கேட்கக் கேட்க, அவர் உண்மையில் சொன்னவை எவை என்பதும் குழம்பிப்போகும். உறவினர்களின் போனில் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜோ, கல்யாண வீடியோவோ இருந்தால் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது அவருடைய குரல், அது போதும்.

மகளுக்கு "தாத்தா ரொம்ப நல்லவர்" என்று சொல்லாதீர்கள்; எல்லாத் தாத்தாவும் அப்படித்தான். எந்த வாடிக்கையாளரிடம் என்ன சண்டை போட்டார், தீபாவளிக்கு முந்தின ராத்திரி கடையில் எத்தனை மணிவரை மெஷின் ஓடியது, காஜா எடுக்கும் பையனை எப்படித் திட்டுவார் என்று சொல்லுங்கள். ஞாபகம் வரும் வரிசையிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அண்ணன் சொல்வது உங்களுடையதோடு பொருந்தாமல் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள்.

பெரியப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது என்கிறீர்கள். அப்பாவின் பள்ளிக்கூட வயது, தையல் கற்றுக்கொண்ட கதை எல்லாம் இனி அவரிடம் மட்டும்தான் இருக்கின்றன. தள்ளிப்போடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே மகளையும் கூட்டிக்கொண்டு போய், அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொண்டு வாருங்கள்.