சாக்சபோன் தகடு: நாணலும் செயற்கையும்

1846ஆம் ஆண்டிலே பாரிசில் அடோல்ப் சாக்ஸ் ஆக்கவுரிமை பெற்ற சாக்சபோன், பித்தளை உடம்பினதாயினும், நாணற்றகடொன்றின் அதிர்வாலேயே ஒலிப்பது. நாகசுரச் சீவாளி இரட்டை, இது ஒற்றை. தென் பிரான்சின் வார்ப் பகுதி நாணல் இதற்குப் பெயர்பெற்றது. நாணல் நாராலும் நுண்டுளையாலும் ஆயது, எச்சில் ஊறியபின்னரே இசைவுறும், நாளடைவில் தளரும். ஒரு பெட்டியிலுள்ள பத்தும் பத்து விதம்! செயற்கைத் தகடோ நனையவேண்டுவதில்லை. நெடுநாள் மாறாது ஒலிக்கும். அதன் ஒலி வெறுமையுடைத்தென்பர். முன்னைய பிளாஸ்டிக்குத் தகடுகளுக்கு அக்குறை பொருந்தும். இக்காலத்தனவற்றுக்கு அத்துணைப் பொருந்தாது.

ஈண்டு ஒன்று நோக்குக. மேற்பல் ஊதுவாயிற் பதிந்திருத்தலின், வாசிப்போன் எலும்புவழியாகவும் கேட்கின்றான். அவையோர் அவ்வாறு கேளார். ஆதலின், மண்டபத்தின் கடைசி வரிசையில் நண்பனொருவனை இருத்தி, எது எதுவெனச் சொல்லாது, ஒரே ஊதுவாயில் இரண்டையும் வாசித்துக் காட்டுக. மெல்லெனத் தொடங்கும் தாழ்சுரத்துக்கு யான் நாணலையே விரும்புவேன். திறந்தவெளி அணிவகுப்புக்கு மற்றையதையே எடுப்பேன்.