கடல்நீரும் ஒரு கணக்கும்

இரசாயனம் பயிலும் மாணவர் பலர்க்கு அந்நூலின் விளக்கப் பகுதி இனிக்கின்றது. கணக்குப் பகுதியோ கசக்கின்றது. வினாத்தாளில் எண்கள் தென்பட்டவுடனே, எந்தச் சூத்திரத்தில் எந்த எண்ணை இடுவதென்று தேடத் தொடங்குகின்றனர். பெருக்கியும் வகுத்தும் ஏதேனும் ஒரு தொகை வந்துவிட்டால், அதன்கீழ் இரு கோடுகள் இழுத்து அமைதி அடைகின்றனர். அத்தொகை உலகில் நிகழக்கூடியதுதானா என்று வினவுவோர் மிகச் சிலரே. நாமும் மாணவப் பருவத்தில் இக்குற்றத்திற்கு ஆளாகியிருந்தோம். ஆதலின் பிறரைக் குறைகூறும் நோக்கத்தோடு இதனை எழுதத் துணிந்தோம் அல்லோம். விடையைக் கண்டவுடன் கணக்கு முடிவதில்லை. அவ்விடை மெய்யுலகத்தோடு பொருந்துமா என்று சோதித்த பின்னரே முடிகின்றது. இவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவதே எமது கருத்து.

எடுத்துக்காட்டைத் தொலைவில் தேடவேண்டுவதில்லை. தாம்பரத்தினின்றும் வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் சென்று, அங்கிருந்து வடக்கே திரும்புவோமாயின் சிறுசேரியை அடைவோம். கணினித் தொழில் நிலையங்கள் வானளாவி நிற்கும் அவ்வூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கும் அப்பால் வங்கக்கடல். இத்துணை நீர் அருகில் இருந்தும், 2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டபோது, இப்பகுதி மக்கள் லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு காத்திருந்தனர். தொழில் நிலையங்கள் சில தம் ஊழியரை வீட்டிலிருந்தே பணிபுரியுமாறு கேட்டுக்கொண்டன. கடல்நீர் குடிநீராகாதோ என்னும் ஏக்கம் இயல்பன்றோ?

அவ்வேக்கம் வீண்போகவில்லை. கோவளத்திற்குத் தெற்கே நெம்மேலியில், நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் அளிக்கவல்ல ஆலை 2013 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 15 கோடி லிட்டருக்கான மற்றோர் ஆலை 2024 ஆம் ஆண்டில் அங்கேயே திறக்கப்பெற்றது. உப்பளத்தில் கதிரவன் நீரைக் கவர்ந்துகொண்டு உப்பை விட்டுச்செல்கின்றான். நெம்மேலியிலோ மெல்லிய சவ்வு ஒன்று உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடுகின்றது.

ஆயினும் சவ்வு தானாகவே இத்தொழிலைச் செய்யாது. ஊறுகாய்க்கென நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால், சிறிது நேரத்தில் காயினின்றும் நீர் கசிந்து வருவதை நாம் இல்லங்களில் கண்டிருக்கின்றோம். நீர் உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்திற்குச் செல்வதே இயற்கை. அவ்வோட்டத்தை நிறுத்துவதற்கு உப்புநீரின்மேல் செலுத்தவேண்டிய அழுத்தமே சவ்வூடுபரவல் அழுத்தம் எனப்படும். அதனினும் மிகுதியாக அழுத்தினால், நீர் எதிர்த்திசையில் ஓடி நன்னீராக வெளிவரும். எனவே நம்முன் நிற்கும் கணக்கு இதுவாகும்:

ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு உளது. அதனை முற்றிலும் சோடியம் குளோரைடு என்றே கொள்க. உஷ்ணநிலை 27 டிகிரி சென்டிகிரேடு. நன்னீர் பெறுதற்கு எவ்வளவு அழுத்தத்தை மிஞ்சவேண்டும்?

நீர்த்த கரைசலில் உள்ள பொருள், வாயுவைப் போன்றே ஒரு விதிக்கு உட்படுகின்றது என்று ஹாலந்து நாட்டு அறிஞர் வாண்ட் ஹாஃப் 1887 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இரசாயனத்திற்கென 1901 ஆம் ஆண்டில் வழங்கப்பெற்ற முதல் நோபெல் பரிசு அவர்க்கே உரித்தாயிற்று. அவ்விதிப்படி, ஒரு லிட்டரில் உள்ள மோல்களின் தொகையை வாயு மாறிலியாலும் தனி உஷ்ணநிலையாலும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். ஆனால் உப்புக் கரைசல்கள் மட்டும் இவ்விதிக்கு அடங்காமல் மிகுந்த அழுத்தம் காட்டின. அதன் காரணத்தை விளக்கியவர் சுவீடன் தேசத்து அரீனியஸ். உப்பு நீரிற் கரையும்போது அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றது என்றார் அவர். ஒரு சோடியம் குளோரைடு, சோடியம் அயனி ஒன்றும் குளோரைடு அயனி ஒன்றுமாகி, இரண்டாக எண்ணப்படவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனிக் கணக்கைச் செய்வோம். சோடியம் 23, குளோரின் 35.5, ஆக ஒரு மோல் உப்பின் எடை 58.5 கிராம். 35 கிராமை 58.5 ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.6 மோல். அயனிகளை எண்ணின் 1.2 மோல். உஷ்ணநிலை 27 உடன் 273 கூட்ட 300. லிட்டரையும் வளிமண்டல அழுத்தத்தையும் அலகாகக் கொண்டால் வாயு மாறிலி 0.082. ஆதலின் 1.2 × 0.082 × 300 = 29.5 வளிமண்டலம். இதுவே விடை.

இக்கணக்கில் மாணவர் வழுவும் இடங்கள் மூன்று. உஷ்ணநிலையில் 273 ஐக் கூட்ட மறந்து 27 ஐயே இட்டவர்க்கு 2.7 வளிமண்டலம் வரும். இது மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்தினும் சிறிதே மிகுதி. இது மெய்யாயின், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொண்டே வீடுதோறும் கடல்நீரைக் குடிநீராக்கலாம்! 8.314 என்னும் மாறிலியை இட்டவர்க்கு 2,993 வரும். அது கிலோபாஸ்கல் என்று அறிந்து 101.3 ஆல் வகுத்தால் 29.5 ஆகிவிடும், வகுக்காமல் வளிமண்டலம் என்றே எழுதினால், உலகின் மிக ஆழமான கடலடியில் உள்ள அழுத்தத்தைப்போல் இரண்டரை மடங்கிற்கும் மேலாகிவிடும். இவ்விரு பிழைகளும் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பவை. ஒரு கணம் நின்று நோக்கினால் போதும்.

மூன்றாவது பிழையே அஞ்சத்தக்கது. அயனிகளாகப் பிரிவதை மறந்தவர்க்கு 14.8 வளிமண்டலம் வரும். இவ்வெண் பார்வைக்குப் பொருத்தமாகவே தோன்றும்; நகைப்பிற்கு இடம் தராது. ஆனால் அதனை நம்பிப் பம்பு அமைப்போமாயின் ஒரு சொட்டு நீரும் வாராது; மாறாக, சவ்வின் மறுபுறத்து நன்னீரே உப்புநீரிற் கலந்துவிடும். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணைக் குறைக்கும் பிழை, ஊருக்கு நீர் வழங்குமிடத்தில் குடத்தையே வெறுங்குடமாக்கும். அளவைக் கண்டு அறியவொண்ணாத இப்பிழைக்கு மருந்து, பொருள் கரையும்போது யாது ஆகின்றது என்பதை முதலிலேயே ஒரு வரியில் எழுதிக்கொள்வதாம்.

சரியான விடை வந்த பின்னரும் அதன் எல்லையை அறிதல் வேண்டும். மெய்யான கடல்நீரில் மக்னீசியம், சல்பேட்டு முதலிய அயனிகளும் உள. அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதும் உண்டு. ஆதலின் உண்மை அழுத்தம் நம் விடையினும் சற்றுக் குறைவாகும். மற்றொன்று: பாதி நீரை வடித்துவிட்டால், எஞ்சிய நீரில் உப்பின் செறிவு இருமடங்காகும்; மிஞ்சவேண்டிய அழுத்தமும் 59 ஐ நெருங்கும். இத்தகைய ஆலைகள் பெரும்பாலும் 55 முதல் 70 வளிமண்டலம் வரையில் அழுத்தம் செலுத்துவதன் காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ?

அதே விடை மின்செலவையும் உணர்த்தும். செறிவு மாறாதபடி சிறிது சிறிதாக 1,000 லிட்டர் நீரை எடுக்க, 29.5 ஐ 1,000 ஆற் பெருக்கி, மீண்டும் 101.3 ஆற் பெருக்கினால், ஏறத்தாழ 30 லட்சம் ஜூல் வரும். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல், ஆக 0.83 யூனிட். இதற்குக் கீழ் எப்பொறியும் இறங்கவியலாது. இக்காலத்து ஆலைகள் ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் வரை செலவிடுகின்றன. 10 கோடி லிட்டருக்கு இயற்கை விதிக்கும் குறைந்த வரியே நாள்தோறும் 83,000 யூனிட் என்றால், மழை இலவசமாகத் தரும் நீரை ஏரியிலும் குளத்திலும் காப்பதன் அருமை தானே புலப்படும்.

மாணவ நண்பர்களே! சூத்திரத்தைத் தேடுமுன் நிகழ்ச்சியை ஒரு வரியில் எழுதுங்கள். ஒவ்வோர் எண்ணோடும் அதன் அலகையும் எழுதுங்கள். விடை வந்ததும், நீங்கள் அறிந்த ஏதேனும் ஒன்றோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் இரு கோடுகள் இழுங்கள். நாளை உங்களில் ஒருவர் நெம்மேலி போன்றதோர் ஆலையில் அழுத்தமானியின் முன் நிற்கக்கூடும். அங்கே விடையைத் திருத்த ஆசிரியர் இரார். குடத்தோடு காத்திருக்கும் மக்களே இருப்பர்.