வயிற்றுப் பலகையும் அலையும்

கோவளம் கார்மேல் மாதா ஆலயத்தைக் கடந்து கடற்கரைக்குச் சென்றவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். மீனவச் சிறுவர்கள் உடைந்த பலகையையோ தெர்மாக்கோல் துண்டையோ வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அலை உடையும் நேரம் பார்த்துப் பாய்ந்து, கரைவரை வழுக்கி வருவார்கள். கரையில் நிற்கும் ஆயாக்கள் திட்டுவார்கள். மறுபடியும் பாய்வார்கள். இவ்விளையாட்டுக்கு உலகில் 'பாடிபோர்டிங்' என்று பெயர் உண்டு என்பதையும், அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது என்பதையும் அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் சிறிது விஞ்ஞானம். அலை நம்மை நோக்கி வரும்போது கடல்நீர் முழுவதும் ஓடிவருவதாக நினைக்கிறோம். அது தவறு. ஆழ்கடலில் நீர்த்துளிகள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே வட்டமிடுகின்றன. அலையின் வடிவமும் ஆற்றலுமே முன்னேறுகின்றன. கரையருகே ஆழம் குறையும்போது அலையின் அடிப்பகுதி வேகம் இழக்கிறது, மேற்பகுதியோ முந்துகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே அதிகம் என்ற நிலை வரும்போது முகடு கவிழ்ந்து நுரைக்கிறது. அந்தச் சரிவில் பலகையோடு படுத்திருப்பவர் மலைச்சரிவில் சறுக்குவதுபோலக் கீழே இறங்குகிறார். ஆனால் மலை நகராது. அலை நகர்ந்துகொண்டே அவரை மேலே தூக்குகிறது. ஆகவே சறுக்கல் முடிவதில்லை. படுத்திருப்பதால் உடலின் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும், எளிதில் கவிழமாட்டார். எங்கள் கட்டுமரமும் இந்தக் கவிழும் அலையைக் கடப்பதற்கென்றே பிறந்தது அல்லவா? மரங்களின் இடைவெளியில் நீர் வடிந்துவிடும், மூழ்காது. ஆங்கிலேயரும் அப்பெயரையே தம் மொழியில் எடுத்துக்கொண்டார்கள்.

ஹவாய்த் தீவு மக்கள் பழங்காலத்திலேயே 'பைப்போ' என்னும் குட்டையான மரப்பலகையில் படுத்து அலையேறினார்கள். கேப்டன் குக்கின் கப்பலில் சென்ற ஜேம்ஸ் கிங், தீவினர் பலகைமீது படுத்து அலையோடு வருவதை 1779-இல் எழுதி வைத்திருக்கிறார்.

இன்றைய பலகை பிறந்த கதை சுவையானது. அமெரிக்கரான டாம் மோரி கணிதம் படித்தவர், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், டிரம் வாசிப்பவருங்கூட. 1971 ஜூலையில் ஹவாயில் இருந்தபோது ஒன்பது அடி நீளமுள்ள பாலிஎத்திலீன் நுரைப் பலகையை மின்சாரக் கத்தியால் பாதியாக வெட்டினார். செய்தித்தாளை அதன்மேல் விரித்து, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து வழவழப்பாக்கினார். தாளின் எழுத்துகள் பலகையில் ஒட்டிக்கொண்டனவாம்! இசையில் இருந்த பற்றினால் அதற்கு 'பூகி' என்று பெயரிட்டார். மரப்பலகை தலையில் பட்டால் மண்டை உடையும், இது மென்மையானது. ஆகையால் குழந்தைகளும் அலையேறலாம் என்றாயிற்று. அவர் 2021-இல் காலமானார்.

அப்பலகையை 'சிறுபிள்ளை விளையாட்டு' என்று பலர் கேலி செய்தார்கள். கேலியை மாற்றியவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். 1970-களில் பிலிஸ் டாமரன் என்னும் மங்கை, வைமியா விரிகுடாவின் மாபெரும் அலைகளில் இந்தப் பலகையோடு இறங்கினார். ஆண்களும் தயங்கிய அலைகள் அவை. ஜாக் லிண்ட்ஹோம் ஒரு முழங்காலை மடித்து நின்றபடி ஏறும் முறையைப் புகழ்பெறச் செய்தார். மைக் ஸ்டூவர்ட் ஒன்பது முறை உலகப் பட்டம் வென்றார். எங்களுக்கு நினைவில் நிற்பவர் என்னவோ பிலிஸ்தான்.

இனி நம் ஊர். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் சிறு வயதில் மரத்துண்டில் அலையேறி விளையாடியவர். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இங்கு வந்த வெளிநாட்டவர் ஒருவரிடம் உண்மையான அலைச்சறுக்குப் பலகையைக் கண்டு, இரவல் கேட்டு ஏறினார். பின்பு நின்று சறுக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 2012-இல் 'கோவ்லாங் பாயிண்ட்' என்ற அலைச்சறுக்குப் பள்ளி தோன்றியது. புகையும் மதுவும் தொடுபவருக்கு அங்கே அலை கிடையாது என்பது அவருடைய கண்டிப்பு. இதைப் படிக்கும் தாய்மார்கள் அவரை நிச்சயம் மெச்சுவார்கள்.

பெண்கள்? இஷிதா மாளவியா 2007-இல் கர்நாடகத்தில் கல்லூரி மாணவியாக இருந்தபோது கற்றுக்கொண்டு, இந்தியாவின் முதல் தொழில்முறை அலைச்சறுக்கு வீராங்கனை எனப் பெயர் பெற்றார். நம் மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலி மூர்த்தியின் சறுக்குப் பலகை ஆர்வத்தைப் பற்றி 2019-இல் 'கமலி' என்ற ஆவணப்படமே வந்தது.

இதையெல்லாம் எழுதி முடித்த அன்று, நீந்தத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று எங்கள் வகுப்பில் கேட்டோம். கடலோரத்துப் பிள்ளைகள் பலர் இருந்தும் இரண்டே கைகள் உயர்ந்தன. "அண்ணனுக்கு அப்பா கத்துக்கொடுத்தாரு, எனக்கு வேண்டாம்னுட்டாரு" என்றாள் ஒருத்தி. தோழியரே, நீந்தத் தெரியாமல் பலகையை நம்பி இறங்கவே கூடாது. கை நழுவினால் பலகை போய்விடும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு வெளியே வரவேண்டும். நீந்தத் தெரியாதவளுக்கு இந்த அறிவுரையால் என்ன பயன்?

ஆகவே வரும் கோடை விடுமுறையில் நீச்சல் கற்பிக்குமாறு விண்ணப்பம் எழுதித் தலைமையாசிரியை சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம். சிஸ்டர் படித்துப் பார்த்துத் தலையசைத்தார்கள். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடம் அதில் இன்னும் காலியாக இருக்கிறது.