எத்தனை அரே வேண்டும்?

சர்வர் பராமரிப்பு வேலையில் எனக்கு நெடுநாள் துணை பெர்ல்தான். அப்பாச்சி லாகில் உள்ள வரிகளை ஸ்டேட்டஸ் எண் பார்த்துத் தனித்தனி அரேக்களில் போடும் வேலை அதில் ஓயாமல் வரும். 200, 301, 404, 500 என்று எண்கள் கலந்து கிடக்கும்.

இரண்டே பிரிவு என்றால் பலரும் கிரெப்பை இரண்டு முறை ஓட்டுவார்கள். ஒருமுறை நிபந்தனையோடு, மறுமுறை அதன் எதிர்மறையோடு. வேகத்தில் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பின்னால் வருகிற ஒருவர் முதல் நிபந்தனையை மட்டும் திருத்திவிட்டுப் போவார். அன்றிலிருந்து சில வரிகள் இரண்டு அரேயிலும் இருக்கும், சில எதிலும் இருக்காது. பெர்ல் வாயே திறக்காது. ஒரே லூப், உள்ளே ஒரு இஃப், ஒரு எல்ஸ், இரண்டு புஷ் என்று எழுதினால் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு பக்கம் விழுந்தே ஆகவேண்டும்.

பிரித்த அரேக்களை சப்ரூட்டீனிலிருந்து திருப்பும்போது ரெஃபரன்ஸாகத் திருப்புங்கள். இல்லாவிட்டால் வாங்கும் இடத்தில் முதல் அரே மொத்தத்தையும் விழுங்கிவிடும், இரண்டாவது காலியாக நிற்கும்.

எத்தனை பிரிவு என்பது டேட்டா வந்தால்தான் தெரியும் என்றால் ஹாஷுக்குள் அரே. பெர்லில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. அந்தக் கீ ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம், புஷ் செய்த கணத்தில் அதற்கான அரே தானாகப் பிறந்துவிடும். அரேக்குள் வரிகள் வந்த வரிசையிலேயே இருக்கும். கீகளின் வரிசை மட்டும் 5.18 பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறக்கூடும். ஆகவே அச்சிடும் முன் சார்ட் செய்தாக வேண்டும்.

சீபானில் உள்ள லிஸ்ட்::மோர்யூட்டில்ஸ் மாட்யூலில் பார்ட் என்றொரு ஃபங்ஷன் உண்டு. ஸ்டேட்டஸை நூறால் வகுத்து முழு எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுள்ள இடத்தில் அரே ரெஃபரன்ஸ் வரும். அழகுதான். ஆனால் எதுவும் விழாத இடத்தில் காலி அரே இருக்காது, அன்டெஃப் இருக்கும். ஸ்ட்ரிக்ட் போட்ட ஸ்கிரிப்டில் அதன் நீளத்தைக் கேட்டால் அங்கேயே செத்துவிழும்.

இதைவிடப் பெரிய சங்கதி, எந்தப் பிரிவிலும் சேராத வரிகள். இணைப்பைத் திறந்துவிட்டு எதுவும் கேட்காமல் போகிறவர்களுக்கு அப்பாச்சி 408 எழுதும். வேண்டுகோள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஒரு கோடு இருக்கும். வழக்கமாக ஒன்பதாவது சொல்லாக வரும் ஸ்டேட்டஸ், இடைவெளியை வைத்துப் பிரித்தால் அந்த வரியில் ஏழாவதாகிவிடும். ஒன்பதாவதை எடுத்து வகுத்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் கிடைக்கும், வரியும் பூஜ்யப் பிரிவில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் மூன்று இலக்க எண்ணாக இல்லாத எதுவும் ‘மிச்சம்’ என்ற அரேக்குப் போகட்டும். ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.