அட்டைப் பெட்டிக்குப் பதிலா ஒரு லேபிள்: சைடு பிசினஸ் ஆரம்பிக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

சைடு பிசினஸ் வீடியோ போட்டதுல இருந்து, "சம்பளத்துல கொஞ்சம் சேர்த்து வச்சிருக்கேன், ஹேர் ஆயில் இல்லன்னா ஃபேஸ் சீரம் பிராண்ட் ஒண்ணு ஆரம்பிக்கலாமா?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. அதுல பாதிப் பேருக்கு அடுத்த கேள்வி, "மல்டி-லேயர் லேபிள் போட்டா செலவும் குறையும், சுற்றுச்சூழலுக்கும் நல்லதுன்னு சொல்றாங்களே, உண்மையா?" பாதி உண்மை. மீதிப் பாதியிலதான் உங்க காசு மாட்டும். (லைசென்ஸ் விஷயம் தனிக் கதை, இங்கே தொடல.)

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். மல்டி-லேயர் பிளாஸ்டிக் வேற, மல்டி-லேயர் லேபிள் வேற. சிப்ஸ் பாக்கெட் மாதிரி பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் பிரிக்க முடியாம ஒட்டிக்கிட்டு இருக்கிறது முதல் வகை. மறுசுழற்சிக்குப் பெரிய தலைவலி. நாம பேசப் போறது ரெண்டாவது. பாட்டில் மேல ஒட்டியிருக்கும், ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா சின்னப் புத்தகம் மாதிரி விரியும், படிச்சுட்டுத் திரும்ப ஒட்டிடலாம். புக்லெட் லேபிள்னும் சொல்லுவாங்க.

பூச்சிமருந்து பாட்டிலை எடுத்துக்கோங்க. நம்ம நாட்டு விதிப்படி லேபிளும் உள்ளே வைக்கிற துண்டுச் சீட்டும் இந்தி, ஆங்கிலம், அதோட அந்தப் பகுதியில பேசுற ஒண்ணு ரெண்டு மொழிகள்ல இருக்கணும். எப்படிக் கலக்கணும், விஷம் ஏறினா என்ன பண்ணணும், காலி பாட்டிலை என்ன செய்யணும், இவ்வளவும் ஒரு சின்ன பாட்டில் மேல எங்கே உட்காரும்? இந்த மாதிரி இடநெருக்கடிக்குத்தான் புக்லெட் லேபிள் கைகொடுக்குது.

இப்போ உங்க சீரத்துக்கு வருவோம். 30 மில்லி பாட்டிலுக்கு ஒரு அட்டைப் பெட்டி எதுக்கு? அது ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, பேசுது: சேர்மானம், பயன்படுத்துற முறை, முகவரி எல்லாம் அதுல இருக்கு. ரெண்டு, பாதுகாக்குது. லேபிளால முதல் வேலையை மட்டும்தான் வாங்கிக்க முடியும். பாட்டில் பிளாஸ்டிக்கா இருந்து, பெட்டி வெறும் பேச்சுக்காக மட்டும் இருந்தா, தாராளமா பெட்டியைத் தூக்கிடலாம். கண்ணாடி பாட்டிலை கூரியர்ல அனுப்புறீங்கன்னா, பெட்டியை எடுத்துட்டு அதுக்குப் பதிலா ரெண்டு சுத்து பபிள் ராப் சுத்துவீங்க. இதுல யாருக்கு லாபம்? ஒரு பாட்டில் உடைஞ்சா, உள்ள இருந்த சரக்கு, கூரியர் காசு, திரும்ப அனுப்புற செலவு எல்லாம் உங்க பாக்கெட்ல இருந்துதான்.

சரி, கணக்கு. புரியுறதுக்காக நான் போட்ட எண்கள்தான் இது, உங்க ஊர் ரேட்டை வச்சு மாத்திக்கோங்க. பழைய முறையில ஒரு பாட்டிலுக்கு அட்டைப் பெட்டி 6 ரூபாய், துண்டுச் சீட்டு 1 ரூபாய், சாதா லேபிள் 1.50. மொத்தம் 8.50. புக்லெட் லேபிள் 5 ரூபாய்னு வைப்போம். பாட்டிலுக்கு 3.50 மிச்சம், 1,000 பாட்டிலுக்கு 3,500 ரூபாய். கேக்க நல்லாத்தானே இருக்கு?

அச்சகத்துக்குப் போனா கதை மாறும். சிவகாசியோ சென்னையோ, பிளேட் போட்டு அடிக்கிற எந்த இடத்துலயும் குறைஞ்சபட்ச ஆர்டர்னு ஒண்ணு உண்டு. அது 5,000 லேபிள்னு வைங்க. 25,000 ரூபாய் முதல் நாளே போயிடும். ஆனா 6 மாசத்துல நீங்க விக்கப் போறது 1,000 பாட்டில். அந்த வேகத்துல 5,000 லேபிள் தீர ரெண்டரை வருஷம். அதுக்குள்ள ஒரு சேர்மானத்தை மாத்துவீங்க, வாடகை வீடு மாறி முகவரி மாறும், இல்லன்னா விதி ஒண்ணு புதுசா வரும். அப்போ 4,000 லேபிள் குப்பைக்கு, கூடவே 20,000 ரூபாயும். 3,500 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மாசாமாசம் 2,000 ரூபாய்னு போடுற எஸ்ஐபி-ல 10 மாசத்துக் காசை விட்டாச்சு. இதுல சுற்றுச்சூழல் எங்கே வாழ்ந்துச்சு?

மேல ஸ்டிக்கர் ஒட்டி மாத்திக்கலாமேன்னு நினைக்காதீங்க. பேக்கெட் பொருள் விதிகள்படி, கட்டாயம் போட வேண்டிய விவரங்களைத் தனி ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தக் கூடாது. எம்ஆர்பி-யைக் குறைக்கிறதுக்கு மட்டும் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காம. அதே மாதிரி விலை, அளவு, தேதி இதையெல்லாம் மடிப்புக்குள்ள ஒளிச்சு வைக்கிறதும் சரியில்லை, வாங்குறவர் பிரிக்காமலே படிக்கணும். உள்பக்கம் பயன்படுத்துற முறைக்கும் எச்சரிக்கைக்கும் மத்த மொழிகளுக்கும்தான்.

இதுக்கு வழி டிஜிட்டல் பிரிண்டிங். பிளேட் கிடையாது, அதனால சின்ன எண்ணிக்கையிலயும் அடிச்சுத் தருவாங்க, ஒண்ணோட விலைதான் கூட. 8 ரூபாய் ஆகுதுன்னா 1,000-க்கு 8,000. பழைய முறையோட ஒப்பிட்டா மிச்சம் வெறும் 500 ரூபாய்தான். ஆனா பணம் முடங்கல, 1,000 அட்டைப் பெட்டி மிச்சம். பேட்ச் நம்பர், தேதி, எம்ஆர்பி மூணுக்கும் இடம் காலியா விட்டு, பேக் பண்ணும்போது அடிச்சுக்கோங்க. விலை மாறினாலும் லேபிள் வீணாகாது.

லேபிள் எதுல செஞ்சதுன்னும் கேளுங்க. யாரும் கேக்குறதில்லை. பழைய பாட்டில்களை நறுக்கித் தண்ணியில போட்டுப் பிரிப்பாங்க. பெட் பாட்டில் துண்டு மூழ்கும், பிபி ஃபிலிம் லேபிள் மிதக்கும், அதனால பிரிக்கிறது சுலபம். பிவிசி-யா இருந்தா அதுவும் சேர்ந்து மூழ்கி, உருக்கும்போது மொத்த சரக்கோட தரத்தையும் கெடுக்கும். பேப்பர் லேபிள் கழுவும்போது கூழாகி ஒட்டிக்கும். பெட் பாட்டிலுக்கு பிபி ஃபிலிம், கழுவினா விட்டுடுற பசை, இந்த ரெண்டையும் அச்சகத்துல வாய்விட்டுக் கேளுங்க. லேபிளை உரிச்ச பிறகு மிஞ்சுற சிலிக்கான் பூசின பின்தாள் இருக்கே, அதுவும் குப்பைதான். எந்த விளம்பரத்துலயும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க.

அப்புறம், "இயற்கைக்கு உகந்தது"ன்னு லேபிள்ல பெருசா போடுற ஆசை வரும். 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்ட வழிகாட்டுதல்படி, அந்த மாதிரி பொதுவான வார்த்தைக்கு ஆதாரம் இருக்கணும், விளக்கமும் தரணும். "வெளிப்பெட்டி இல்லை"ன்னு மட்டும் போடுங்க. அதுக்கு ஆதாரம் வாங்குறவர் கையிலேயே இருக்கும்.

அச்சகத்துக்குப் போகும்போது காலி பாட்டிலைக் கையோட எடுத்துட்டுப் போங்க. வளைவுல புக்லெட் தடிமனா தூக்கிக்கிட்டு நிக்குதான்னு ஒட்டிப் பார்த்து, எண்ணெய்க் கையால 20 தடவை திறந்து மூடிப் பாருங்க. அதுக்கு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.