பிராது எழுதப் புகும் இளம் வக்கீலுக்கு

திருவாலங்காடு



திருத்தணிக் கோர்ட்டில் முதன்முதலாக உன் பெயரில் வக்காலத்துப் போட்டு ஒரு நிலத் தாவா தாக்கல் செய்யப் போவதாகவும், பிராது எழுதுவதைப் பற்றி நான் ஏதேனும் சொல்ல வேண்டுமென்றும் எழுதியிருந்தாய். குறுக்கு விசாரணையிலும் வாதத்திலுமே வக்கீலின் சாமர்த்தியமெல்லாம் அடங்கியிருப்பதாக ஜனங்கள் நினைக்கிறார்கள். வக்கீல்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சிவில் விவகாரங்களில் மிகப் பல, வாதி பிராதில் கையெழுத்து வைக்கிற அன்றைக்கே, அதில் எழுதியதனாலும் எழுதாமல் விட்டதனாலும், உள்ளுக்குள் தீர்ப்பாகிவிடுகின்றன என்பதே என் அபிப்பிராயம்.

1905ஆம் வருஷம் நம் ஊரில் கிடைத்த செப்பேடுகளைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். வளையத்தில் கோத்து முத்திரையிட்ட 31 ஏடுகளில், முதலாம் ராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை இங்குள்ள மகாதேவருக்கு விட்ட தானம் எழுதப்பட்டிருக்கிறது. சரித்திரக்காரர்கள் சோழ வம்சாவளியை நாடி அதன் சம்ஸ்கிருதப் பகுதிக்குப் போவார்கள். நீ வக்கீல், தமிழ்ப் பகுதியைப் படி. கிழக்கெல்லை இன்னது, தென்னெல்லை இன்னது என்று அண்டை ஊர்களையும் நீர்நிலைகளையும் சாட்சி வைத்து எவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கவனி. பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டுக் காட்டிய பிறகே சாசனம் எழுதுவது சோழர் காலத்து வழக்கம். 1908ஆம் வருஷத்துச் சிவில் புரொசீஜர் கோடு, ஏழாம் ஆர்டர் மூன்றாம் ரூலில் நம்மிடம் கேட்பதும் அதைத்தான்: தாவாச் சொத்தை அடையாளம் காணும்படி எழுது, எல்லையோ சர்வே நம்பரோ இருந்தால் குறிப்பிடு என்கிறது. யானை வேண்டாம், ஆனால் கட்சிக்காரரோடு புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு நிலத்துக்கு நடந்து போ. பத்திரத்திலுள்ள செக்குபந்தியை அப்படியே பார்த்து எழுதி, தீர்ப்பு வாங்கிய பின் நிறைவேற்று மனுவில் அமீனாவுக்கு எந்த நிலத்தைக் காட்டுவதென்று தெரியாமல் விழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நிலத்தை அப்படிக் கவனமாக அடையாளம் காட்டுவதற்கு இந்தப் பக்கத்தில் இன்னுமொரு காரணம் உண்டு. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைக் கிளர்ச்சியின் பயனாக, 1959ஆம் வருஷத்து எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் திருத்தணிப் பகுதி சித்தூர் ஜில்லாவை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்கும் வெகுமுன்னே இது கார்வேட்டிநகரம் ஜமீன். ஆகையால் தாய்ப்பத்திரம் தெலுங்கில் இருக்கலாம். ஜில்லாவின் பெயர் வேறாக இருக்கலாம். பழைய நம்பருக்கும் இன்றைய சர்வே நம்பருக்கும் சம்பந்தமே தெரியாமலும் இருக்கலாம். பழைய விவரத்தையும் புதிய விவரத்தையும் சொத்து விவரத்தில் சேர்த்தே எழுதி, இரண்டும் ஒரே நிலந்தான் என்று பிராதிலேயே சொல்லிவிடு. பட்டாவை மட்டும் நம்பாதே. அது வரி கட்டுபவர் யார் என்று சொல்லும், உரிமை யாருடையதென்பதற்கு முடிந்த பிரமாணமாகாது.

பரிகாரம் கேட்கும் பத்தியில்தான் புத்திசாலிகளும் வழுக்கி விழுகிறார்கள். எதிராளி உரிமையையே மறுத்து நிற்கும்போது, கோர்ட்டுக் கட்டணத்தை எண்ணியோ சோம்பலாலோ, வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளையை மட்டும் கேட்டு விளம்புகையை விட்டுவிடாதே. இதைப் பற்றி அனத்துலா சுதாகர் வழக்கில் 2008ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு விரிவாகச் சொல்லியிருப்பதை ஒரு முறைக்கு இரு முறை படி. நிலம் எதிராளியின் சுவாதீனத்தில் இருக்க, விளம்புகை மட்டும் கேட்டாலோ, 1963ஆம் வருஷத்துக் குறித்தவகைப் பரிகாரச் சட்டம் 34ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இன்று கேட்கக்கூடியதை நாளைக்கு வேறு தாவாவில் பார்த்துக்கொள்வோமென்று விட்டால், இரண்டாம் ஆர்டர் இரண்டாம் ரூல் அந்த நாளையை இல்லாமல் செய்துவிடும். காலவரையறையையும் முதல் நாளே கணக்கிடு: விளம்புகைக்குப் பொதுவாக மூன்று வருஷம், உரிமையை வைத்துச் சுவாதீனம் கேட்கப் பன்னிரண்டு. பிரதிவாதி சர்க்காரானால் சிவில் புரொசீஜர் கோடு 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ். சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்ட வேண்டிய அவசியமும் அதிகம் இல்லை. நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்த கட்டணத்தை 2017இல் மூன்று ரூபாயாக்கிவிட்டார்கள்.

இனி, பழிவாங்க வந்த பேய் என்று சொல்லப்படும் பழையனூர் நீலியின் கதைக்கு வருகிறேன். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்தச் செட்டி என் புருஷன் என்று எழுபது வேளாளர் முன் அவள் பிராது கொடுத்தாள், அழுதாள், பிள்ளையும் அவனை அப்பாவென்றது. அவர்கள் அவன் சொன்ன மறுப்பை விசாரிக்காமல் அவளை நம்பினார்கள். அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்தார்கள். அவள் கையில் அவன் மாண்ட பின் வாக்குத் தவறாமல் தீயிலும் இறங்கினார்கள். ஊரார் அந்தச் சத்தியத்தைப் போற்றுகிறார்கள், நானும் போற்றுகிறேன். ஆனாலும் விசாரணை என்ற அளவில் அது மோசமான விசாரணை. உன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணீர் விடுபவர்கள் எல்லாரும் நீலிகள் அல்லர், பெரும்பாலோர் உண்மையாகவே வஞ்சிக்கப்பட்டவர்கள். அப்படியிருந்தும் வில்லங்கச் சான்றை நீயே வாங்கிப் பார். தமக்குப் பாதகமான பத்திரம் எது என்று அவர்களிடம் கேட்டு, அதையும் கொண்டுவரச் சொல். கொண்டுவர மறுத்தால் அந்தக் கட்டை எடுக்காதே.

எழுதும்போது சங்கதிகளை மட்டும் எழுது. சாட்சியத்தையும் ஆவேசத்தையும் பிராதில் கொட்டாதே. வழக்கு மூலம் எந்தத் தேதியில், எந்தச் செயலால் பிறந்தது என்பது ஒரு பத்தியில் தெளிவாக இல்லையென்றால், ஏழாம் ஆர்டர் பதினோராம் ரூலைக் காட்டி எதிர்த்தரப்பு வக்கீல் பிராதை வாசலிலேயே நிராகரிக்கச் சொல்லுவார்.

கடைசியாக, சரிபார்ப்பு. எந்தெந்தப் பத்தி தாமே அறிந்தது, எது கேட்டறிந்து நம்புவது என்று வாதி உறுதி சொல்லிக் கையெழுத்திடும் இடம் அது. அதை ஒரு சடங்காக்கி, வெள்ளைத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கும் வழக்கத்துக்கு நீ ஒருபோதும் உடன்படக் கூடாது. முழுப் பிராதையும் அவருக்குப் படித்துக் காட்டு. வீட்டில் தெலுங்கு பேசுபவரானால் தெலுங்கிலே சொல். அவர் தலையசைத்தால் போதாது, தம் வாயால் திரும்பச் சொன்ன பிறகே பேனாவைக் கொடு.